பேசிட்ரேசினை நிறுத்திய இடத்தில் எந்தப் பையை வைப்பது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: ஐயாயிரம் கறிக்கோழி பிடிக்கும் கொட்டகை இரண்டு வைத்திருக்கிறீர்கள். வாங்குபவர் ஆன்டிபயாடிக் போடாத கோழி வேண்டும் என்றதால் கடந்த மூன்று பேட்சாகத் தீவனத்தில் பேசிட்ரேசின் என்ற ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிட்டீர்கள், கூடவே ரத்தக்கழிச்சலைத் தடுக்கப் போடும் சாலினோமைசினையும் எடுத்துவிட்டீர்கள். பதினெட்டாம் நாள் வரை ஒரு குறையும் இல்லை. அதற்கப்புறம் எச்சம் இளகுகிறது, ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் சளியோடு விழுகிறது, செரிக்காத தானியம் அப்படியே தெரிகிறது, கூளம் நனைந்துவிடுகிறது. சாவு பெரிதாகக் கூடவில்லை. ஆனால் ஒரு கிலோ எடைக்கு 1.60 கிலோ தீவனம் தின்ற கோழி இப்போது 1.72 கிலோ தின்கிறது. அமிலம், புரோபயாடிக், ஈஸ்ட் செல்சுவர், மூலிகை எண்ணெய் என்று நான்கு பேர் நான்கு பையோடு வந்து போயிருக்கிறார்கள். இவற்றில் எதை வாங்குவது, நான்கையும் கலந்து போட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த மருந்து இத்தனை நாள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது, இனி அந்த வேலையை எது செய்யும்? அதிலிருந்து ஆரம்பித்தால்தான் பையைத் தேர்ந்தெடுக்க முடியும்.

நான் கால்நடை மருத்துவம் படித்து, கோழித் தீவனத்தில் மேற்படிப்பு முடித்தவன். இருபது வருடத்துக்கு மேல் தீவன ஆலையிலும் கொட்டகையிலுமாகக் கழித்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் கோழியை நான் அறுத்துப் பார்க்கவில்லை. அதனால் கீழே நான் சொல்வதில் நோய்க்கணிப்பு எல்லாமே ஊகம். எந்தப் பொருள் குடலில் எப்படி வேலை செய்யும் என்பதில் பெரும்பகுதி உறுதியாகத் தெரிந்தது. உறுதி இல்லாத இடத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் போட்டால் கோழி வளர்கிறது என்பது 1940-களின் கடைசியில் தெரியவந்தது. குளோர்டெட்ராசைக்ளின் தயாரித்தபின் மிஞ்சிய சக்கையைக் குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அதிலிருந்த வைட்டமின் பி12-க்காக எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக எடை ஏறியது. ஏன் என்பதற்கு இன்றுவரை ஒரே பதில் கிடையாது. குடலில் கிருமிகள் தின்னும் தீவனப் பங்கு குறைகிறது, பித்த உப்பைக் கிருமிகள் சிதைப்பது குறைவதால் கொழுப்பு நன்றாகச் செரிக்கிறது, குடல்சுவர் மெலிதாகிறது, கிருமிகள் வழியாக இல்லாமல் குடலின் அழற்சியை மருந்து நேராகவே தணிக்கிறது என்றெல்லாம் விளக்கங்கள் இருக்கின்றன. கடைசி விளக்கம் இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு விஷயங்களில் சந்தேகமே இல்லை. குடலில் கிருமியே இல்லாமல் ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கோழிக்கு ஆன்டிபயாடிக் கொடுத்தால் எடை கூடுவதில்லை. புதிதாகக் கட்டிய சுத்தமான கொட்டகையில் அந்தப் பலன் குறைவு, பழைய நெரிசலான கொட்டகையில் அதிகம். அதாவது மருந்து கோழியை வளர்க்கவில்லை. கோழி வளர்வதற்குத் தடையாக இருந்த ஏதோ ஒன்றை அமுக்கி வைத்திருந்தது. அந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு பண்ணைக்கும் வேறு. மாற்றுப் பொருள் ஒரு பண்ணையில் அற்புதமாக வேலை செய்து பக்கத்துப் பண்ணையில் ஒன்றும் செய்யாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

நீங்கள் நிறுத்தியது சரியான முடிவு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. சுவீடன் 1986-லேயே வளர்ச்சிக்கான ஆன்டிபயாடிக்குகளைத் தடை செய்தது. அவோபார்சின் என்ற தீவன மருந்து, மனிதர்களுக்குக் கடைசிக் கட்டத்தில் கொடுக்கும் வான்கோமைசினுக்கு அடங்காத கிருமிகளைக் கோழியிலும் பன்றியிலும் வளர்த்துவிட்டது தெரிந்ததும் 1990-களில் ஐரோப்பா அதை நிறுத்தியது. 2006 ஜனவரி 1 முதல் அங்கே இந்தப் பயன்பாடு முழுவதுமாக ஒழிந்தது. 2015-இல் கோலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத தன்மையைத் தரும், ஒரு கிருமியிலிருந்து இன்னொரு கிருமிக்குத் தாவக்கூடிய மரபணு சீனாவில் கண்டுபிடிக்கப்பட்டபோது அது முதலில் வெளிப்பட்டது பண்ணை விலங்குகளின் கிருமிகளில்தான். அந்தக் கோலிஸ்டினை எத்தனை டன் தீவனத்தில் உலகம் முழுக்கக் கலந்திருக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது.

உங்களுக்கு நேராக உதவும் அனுபவம் டென்மார்க்கினுடையது. அங்கே கறிக்கோழிப் பண்ணையாளர்கள் 1998-இல் தாங்களாகவே வளர்ச்சி ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தினார்கள். முன்னும் பின்னும் ஒப்பிட்டபோது தீவன மாற்று விகிதம், அதாவது ஒரு கிலோ எடைக்குத் தின்னும் தீவனம், சுமார் 0.016 மட்டுமே ஏறியிருந்தது. சாவு கூடவில்லை. உங்களுக்கோ 0.12 ஏறியிருக்கிறது. இரண்டு கிலோ கோழிக்கு 240 கிராம் கூடுதல் தீவனம், பத்தாயிரம் கோழிக்கு 2.4 டன். பேசிட்ரேசின் இல்லாமல் போனது மட்டும் இந்த அளவு இழப்பைத் தருமா என்றால், நான் நம்பமாட்டேன். டென்மார்க்கில் அவர்கள் எடுக்காத ஒன்றை நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். அது சாலினோமைசின்.

சாலினோமைசின், மோனென்சின், நராசின் எல்லாம் அயனோஃபோர் வகை. ரத்தக்கழிச்சல் தரும் எய்மீரியா ஒட்டுண்ணியை அடக்கப் போடுவது. ஐரோப்பாவில் இவற்றை ஒட்டுண்ணித் தடுப்பு என்று வகைப்படுத்தி இன்றும் அனுமதிக்கிறார்கள். அமெரிக்காவில் ஆன்டிபயாடிக்கே தொடாத கோழி என்று முத்திரை குத்த வேண்டுமானால் இவையும் கூடாது. மனித மருத்துவத்தில் இந்த வகை பயன்படுவதில்லை. ஆகவே வாங்குபவரிடம் அவர் எந்த வரையறையில் கேட்கிறார் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வரையறை என்றால் உங்கள் பிரச்சினையின் பாதி அந்தக் கடிதத்திலேயே தீரலாம்.

ரத்தமே வரவில்லையே, இது எப்படி ரத்தக்கழிச்சல் ஆகும் என்று கேட்பீர்கள். எச்சத்தில் ரத்தம் கொட்டுவது பெரும்பாலும் குருட்டுக்குடலைத் தாக்கும் எய்மீரியா டெனெல்லா வந்தால்தான். முன்குடலைப் பிடிக்கும் அசெர்வுலினாவும் நடுக்குடலைப் பிடிக்கும் மாக்ஸிமாவும் சத்தமில்லாமல் வேலை செய்யும். இந்த ஒட்டுண்ணியின் ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு வாரம். குஞ்சு இறக்கிய முதல் நாட்களில் கூளத்திலிருந்து சில முட்டைகளைக் கொத்தித் தின்னும், அவை குடலில் பெருகி எச்சத்தில் வரும், அதை மறுபடி தின்னும். இரண்டு மூன்று சுற்று முடியும்போது மூன்றாவது வாரம் வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் பதினெட்டாம் நாள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மாக்ஸிமா குடலின் உள்தோலைக் கிழிக்கும்போது ரத்தப் புரதம் கசிகிறது, சளி அதிகம் சுரக்கிறது. கிளாஸ்டிரிடியம் பெர்ஃப்ரின்ஜென்ஸ் என்ற கிருமிக்கு அது விருந்து. அந்தக் கிருமி நல்ல கோழியின் குடலிலும் கொஞ்சம் இருப்பதுதான். சாப்பாடு கிடைத்ததும் பெருகி நச்சைக் கக்கும். நெட்-பி என்ற அந்த நச்சு 2008-இல் அடையாளம் காணப்பட்டது. முற்றினால் குடல் அழுகல் நோய், முற்றாவிட்டால் உங்கள் கொட்டகையில் இருப்பது போன்ற ஈரமும் நஷ்டமும். பேசிட்ரேசின் இந்தக் கிருமியை அடக்கியது. சாலினோமைசின் ஒட்டுண்ணியையும் அடக்கியது, இந்தக் கிருமியையும் ஓரளவு அடக்கியது. இரண்டு காவலையும் ஒரே நாளில் எடுத்துவிட்டீர்கள்.

இது ஊகம் என்றேன். ஊகத்தை உறுதி செய்ய ஒரு கத்திரிக்கோல் போதும். அடுத்த பேட்சில் 18, 21, 24-ஆம் நாட்களில், கொட்டகையின் வேறுவேறு மூலையிலிருந்து ஐந்தைந்து கோழி எடுங்கள். செத்த கோழி வேண்டாம், அதன் குடல் சீக்கிரம் கெட்டுப் பொய் சொல்லும். நடமாடுகிற சராசரிக் கோழியை எடுத்து, கால்நடை மருத்துவரை உடன் வைத்துக்கொண்டு, அப்போதே முறைப்படி கொன்று அறுத்துப் பாருங்கள். வெளியிலிருந்தே முன்குடலின் வளைவில் ஏணிப்படி போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அசெர்வுலினா. நடுக்குடலில் மஞ்சள்கருப் பை ஒட்டியிருந்த சிறு மொட்டு ஒன்று இருக்கும். அதற்கு இருபுறமும் குடல் பலூன் போல ஊதி, ஊசிமுனைச் சிவப்புப் புள்ளிகளும் உள்ளே ஆரஞ்சு சளியும் இருந்தால் மாக்ஸிமா. அப்புறம் குடலை நீளவாக்கில் வெட்டுங்கள். நல்ல குடல் வெட்டின உடனே, இரண்டு மூன்று விநாடிக்குள், ஓரங்கள் தானாகச் சுருண்டு வெளிப்பக்கம் மடியும். கெட்ட குடல் நனைந்த காகிதம் போல அப்படியே கிடக்கும். உள்பக்கம் பழைய துவாலை போல சொரசொரப்பாகப் பழுப்புப் படலம் படிந்து, மோசமான நாற்றம் அடித்தால் அது கிளாஸ்டிரிடியத்தின் வேலை. நடுக்குடலில் சுரண்டி எடுத்த சளியை நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள், மாக்ஸிமாவின் முட்டைகள் பெரிதாகத் தெரியும். இதோடு, தின்ற தானியத்தை அரைக்கும் தசைப்பையான அரைவைப்பையையும் பாருங்கள். அது சிறுத்துத் தொளதொளவென்று இருந்தால் தீவனம் மிக நைசாக அரைபடுகிறது என்று அர்த்தம். செரிக்காத தானியம் எச்சத்தில் வருவதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, இனி உங்கள் நான்கு பைகள். முதலில் அமிலம். ஃபார்மிக், புரொபியோனிக் போன்ற கரிம அமிலங்கள் கிருமியைக் கொல்வது வெறும் புளிப்பால் இல்லை. பிரியாமல் முழு மூலக்கூறாக இருக்கும்போது மட்டும்தான் கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே நுழையும். உள்ளே போய்ப் பிரிந்து, அதன் உட்சூழலைப் புளிக்க வைக்கும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளியே கிருமி சோர்ந்துபோகும். ஃபார்மிக் அமிலம் பி.எச். 3.75-இல் பாதி பிரியாமல் இருக்கும். பி.எச். 6.75 ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே பிரியாமல் மிஞ்சும். கோழியின் தீவனப்பையும் (தின்றது முதலில் தங்கும் கழுத்தடிப் பை) அரைவைப்பையும் புளிப்பானவை, சிறுகுடல் கிட்டத்தட்ட நடுநிலை. ஆகவே சாதாரண அமிலம் தீவனத்திலும் தீவனப்பையிலும் சால்மொனெல்லா, ஈ.கோலி போன்றவற்றை நன்றாகக் குறைக்கும். பூஞ்சையையும் தடுக்கும். உங்கள் பிரச்சினை இருக்கும் நடுக்குடலுக்கு அது போய்ச்சேர்வதே இல்லை, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தண்ணீரில் அமிலம் கலப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பி.எச். நான்குக்குக் கீழே இறங்கினால் கோழி குடிப்பதைக் குறைத்துவிடும். தவிர, கரிம அமிலத்தைத் தொடர்ந்து ஓட்டினால் குழாய்க்குள் ஈஸ்டும் பூஞ்சையும் வழவழவென்று படியும்.

பியூட்ரிக் அமிலத்தைத் தனியாகப் பேச வேண்டும். குடலின் பின்பகுதியில் நல்ல கிருமிகள் தாமே தயாரிக்கும் பொருள் இது. குடல் செல்களுக்கு நேரடி எரிபொருள், அழற்சியைத் தணிக்கும், செல்களுக்கிடையிலான இணைப்பை இறுக்கும், சால்மொனெல்லா குடல்சுவருக்குள் புகும் திறனையும் குறைக்கும். இதெல்லாம் நன்றாக நிறுவப்பட்டவை. மேல்பூச்சு இல்லாத சோடியம் பியூட்ரேட்டைப் போட்டால் அது மேலேயே தீர்ந்துபோகும். கொழுப்புப் பூச்சு கொடுத்ததோ, கிளிசரைடு வடிவமோ இருந்தால்தான் கீழே இறங்கும். கிழிந்த குடல் ஆறுவதற்கு உதவும் பொருளாக இதை நான் மதிக்கிறேன். கிழிவதைத் தடுக்க இது போதாது.

புரோபயாடிக்கில் இரண்டு சாதி. லாக்டோபேசில்லஸ் போன்றவை உயிரோடு இருந்தால்தான் பயன், பெல்லட் ஆலையின் 80-85 டிகிரி நீராவியில் அவை பிழைக்காது. பேசில்லஸ் சப்டிலிஸ், லைக்கெனிஃபார்மிஸ் போன்றவை வித்தாக உறங்கும், சூட்டைத் தாங்கும், குடலில் போய் விழிக்கும். பெல்லட் தீவனம் கொடுப்பவர் இரண்டாவதைத்தான் எடுக்க வேண்டும். இவற்றில் சில ரகங்கள் கிளாஸ்டிரிடியத்துக்கு எதிரான பொருள்களைத் தாமே சுரக்கின்றன. நீங்கள் நிறுத்திய பேசிட்ரேசினே 1943-இல் ஒரு சிறுமியின் காயத்தில் கிடைத்த பேசில்லஸ் கிருமியிலிருந்து வந்ததுதான். ஆனால் பேசில்லஸ் என்ற பெயரைப் பார்த்து வாங்கிவிடக் கூடாது. ஒரே இனத்துக்குள் ஒரு ரகம் வேலை செய்யும், இன்னொன்று செய்யாது. ரகத்தின் எண் பையில் இருக்கிறதா, அந்த ரகத்தை வைத்தே கோழியில் சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள். எண்ணிக்கையையும் நீங்களே கணக்குப் போடுங்கள். சோதனைகளில் வழக்கமாக வருவது ஒரு கிராம் தீவனத்துக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வித்துகள். பையில் கிராமுக்கு 100 கோடி என்று இருந்து, டன்னுக்கு 500 கிராம் போட்டால் ஒரு கிராம் தீவனத்தில் ஐந்து லட்சம் வரும், சரி. கிராமுக்கு ஒரு கோடி என்று இருந்தால் அதே அளவில் ஐயாயிரம்தான் வரும். அது பெயருக்குப் போடுவது.

இதில் நான் நேரில் பார்த்து வருந்திய ஒன்று. ஒரு பண்ணையில் நல்ல லாக்டோபேசில்லஸ் பொருளை மூன்று பேட்ச் தண்ணீரில் கொடுத்திருந்தார்கள், பலனே இல்லை என்றார்கள். கடைசி நிப்பிளில் தண்ணீர் பிடித்துச் சோதனைத் தாளை நனைத்தேன். குளோரின் நிறம் பளிச்சென்று ஏறியது. காலையில் தொட்டியில் குளோரின் போடுபவர் ஒருவர், பத்து மணிக்குப் புரோபயாடிக் கலக்குபவர் இன்னொருவர். இருவரும் தங்கள் வேலையை ஒருநாள் கூடத் தவறாமல் செய்திருந்தார்கள். அத்தனை உயிர்க்கிருமியும் தொட்டியிலேயே செத்திருந்தது.

ஈஸ்ட் செல்சுவர், அதாவது அதிலுள்ள மன்னான் (mannan) என்ற சர்க்கரை. ஈ.கோலிக்கும் சால்மொனெல்லாவுக்கும் உடம்பில் ஒருவகை ரோமம் உண்டு, அதன் நுனி மன்னோஸ் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். குடல்சுவரில் பிடிக்க வேண்டியது இந்தச் சர்க்கரையைப் பிடித்துக்கொண்டு எச்சத்தோடு வெளியே போய்விடும். அழகான வழி, ஆய்வுக்கூடத்தில் தெளிவாகக் காட்டப்பட்டது. ஆனால் கிளாஸ்டிரிடியத்துக்கு அந்த ரோமம் கிடையாது. எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது என்ற வகையில் மறைமுகப் பலன் இருக்கலாம். உங்கள் சிக்கலுக்கு முதல் தேர்வாக நான் இதை எடுக்கமாட்டேன்.

மூலிகை எண்ணெய்களில் தைமால், கார்வக்ரால், சின்னமால்டிஹைடு மூன்றும் கிருமியின் சவ்வைக் குலைப்பது உண்மை. கண்ணாடித் தட்டில் கிளாஸ்டிரிடியத்தை இவை கொல்வதையும் காட்டலாம். தட்டில் கொன்ற அளவு கோழியின் நடுக்குடலில் கிடைக்கிறதா என்பதுதான் கேள்வி. இவை ஆவியாகிப் போகும், பெல்லட் சூட்டில் குறையும், மேல்குடலிலேயே உறிஞ்சப்படும். பொதிந்து கொடுத்தால் கொஞ்சம் தேறும். செடியின் ரகம், அறுவடைக் காலம் இவற்றைப் பொறுத்து எண்ணெயின் சாரமே மாறும். வெளியான சோதனைகளில் நல்லதும் இருக்கிறது, ஒன்றுமில்லாததும் இருக்கிறது. இந்த வகைதான் எனக்கு அதிகச் சந்தேகம் தருவது. செரிமானச் சுரப்பைத் தூண்டுவதால் தீவன விகிதம் சற்று மேம்படும் என்ற அளவுக்கு ஏற்கிறேன். எய்மீரியாவைத் தடுக்கும் என்று யாராவது சொன்னால், எந்த மூலிகை, ஒட்டுண்ணியைக் கொடுத்துச் செய்த சோதனையில் குடல் புண்ணின் மதிப்பெண் எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

உங்களிடம் யாரும் கொண்டுவராத ஒரு வகை நொதிகள். கோதுமை, பார்லி அதிகம் உள்ள தீவனத்தில் சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ் போடுவது வாதத்துக்கு இடமில்லாத நல்லது. அந்தத் தானியங்களின் பிசின் குடலில் கஞ்சி போலக் கெட்டியாகி, செரிமானத்தைத் தடுத்துக் கிளாஸ்டிரிடியத்தை வளர்க்கும், நொதி அதை உடைக்கும். மக்காச்சோளத் தீவனத்தில் அந்தப் பிசின் குறைவு, பலனும் குறைவு. ஃபேஜ் (கிருமியைக் கொல்லும் வைரஸ்), முட்டை மஞ்சள்கரு எதிர்ப்பொருள் போன்றவை ஆய்வில் நன்றாக இருக்கின்றன, ஆனால் உங்கள் கொட்டகை வரை இன்னும் வந்து சேரவில்லை.

பையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பைக்கு வெளியே இருக்கிறது. செரிக்காத புரதம் பின்குடலுக்குப் போனால் கெட்ட கிருமிக்கு அதுவே உணவு. லைசின், மெத்தியோனின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து மொத்தப் புரதத்தை ஒரு சதவீதம் குறைக்க முடியுமா என்று தீவனம் வகுப்பவரிடம் கேளுங்கள். மீன் தூள் இருந்தால் எடுத்துவிடுங்கள், குடல் அழுகலுக்குக் கோழியைத் தயார்ப்படுத்த ஆய்வாளர்களே அதைத்தான் தீவனத்தில் போடுகிறார்கள். சோயாப் புண்ணாக்கு சரியாக வெந்ததா என்று யூரியேஸ் சோதனை செய்யுங்கள். வேகாத சோயா செரிமானத்தைத் தடுக்கும். சோயா அதிகமானால் அதிலுள்ள பொட்டாசியமே எச்சத்தை இளக்கும். தானியத்தில் டான், ஃபியூமோனிசின் என்ற பூஞ்சை நச்சுகள் இருந்தால் அவை குடல்தோலை மெலிதாக்கி இதே நோய்க்கு வழிவிடும். தானியத்தில் ஒரு பகுதியைக் கொஞ்சம் கரகரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். அரைவைப்பை பெருத்தால் தீவனம் நின்று அரைபட்டு இறங்கும்.

கூளத்தை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிடித்து விடுங்கள். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், எய்மீரியா முட்டை முதிர்வதற்கு அந்த ஈரம் ரொம்ப வசதி. லேசாகச் சேர்ந்து உதிர்ந்தால் நல்லது. நிப்பிளின் உயரம், சொட்டு, தரையின் மேல் காற்றோட்டம், ஒரு சதுர மீட்டரில் எத்தனை கோழி, இரண்டு பேட்சுக்கு நடுவே எத்தனை நாள் காலி, இதையெல்லாம் சரிபார்த்தபின் மருந்தைப் பற்றி யோசியுங்கள். குஞ்சு இறக்கிய 24 மணி நேரத்தில் நூறு குஞ்சின் தீவனப்பையைத் தடவிப் பாருங்கள். 95-க்காவது நிறைந்து, மெத்தென்று இருக்க வேண்டும். முதல் நாள் தின்னாத குஞ்சின் குடல் பின்தங்கும், அதைப் பிறகு எந்தப் பையாலும் ஈடுகட்ட முடிந்ததை நான் பார்த்ததில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். வரையறையை எழுத்தில் வாங்குவேன். அயனோஃபோர் அனுமதி உண்டென்றால் அதை மட்டும் திரும்பப் போட்டு, பேசிட்ரேசின் இல்லாமலே ஒரு பேட்ச் ஓட்டுவேன். அனுமதி இல்லை என்றால் குஞ்சுப் பொரிப்பகத்திலேயே எய்மீரியா உயிர்த் தடுப்பூசி தெளித்த குஞ்சு வாங்குவேன். தடுப்பூசியும் ஒட்டுண்ணியே, அது கூளத்தில் சுற்றி வந்துதான் எதிர்ப்பைக் கொடுக்கும். அதனால் இரண்டாவது மூன்றாவது வாரத்தில் குடல் கொஞ்சம் அடிபடும், கூளம் எலும்பாகக் காய்ந்தாலும் தடுப்பூசி சரியாக எடுக்காது. அந்தத் தடுமாற்றக் காலத்தைத் தாண்டுவதற்குத்தான் பை. முதல் நாளிலிருந்து வித்து வகை பேசில்லஸ், பத்தாம் நாளிலிருந்து 28 வரை பூச்சுள்ள பியூட்ரேட். நான்கையும் கலக்கமாட்டேன். ஒன்றோடு ஒன்று கூடி வேலை செய்யும் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் போதிய ஆதாரம் இல்லை. எது உதவியது என்றும் தெரியாமல் போகும்.

உதவியதா என்று பார்ப்பதிலும் ஏமாறாமல் இருக்க வேண்டும். ஒரு கொட்டகையில் போட்டு இன்னொன்றில் போடாமல் ஒரே பேட்சில் முடிவு கட்டாதீர்கள். இரண்டு கொட்டகைக்கும் இயல்பாகவே வித்தியாசம் இருக்கும். ஒரே பொரிப்பகக் குஞ்சு, ஒரே தாய்க்கோழிக் கூட்டம், ஒரே தீவனம் வைத்து, அடுத்த பேட்சில் கொட்டகையை மாற்றிப் போடுங்கள். இப்படி நான்கு பேட்ச் செய்து, நான்கிலும் பொருள் போட்ட பக்கமே மேலே நின்றால் நம்பலாம். விகிதத்தை ஒரே எடையில் ஒப்பிடுங்கள். பெரிய கோழிக்கு விகிதம் இயல்பாகவே ஏறும், இரண்டு நாள் தாமதமாகப் பிடித்த கொட்டகை காரணமில்லாமல் மோசமாகத் தெரியும். 21-ஆம் நாள் குடலை அறுத்துப் பார்த்த குறிப்பையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். விகிதத்தைவிட அது சீக்கிரம் உண்மையைச் சொல்லும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பொருள்கள் எதுவும் நோய்க்குச் சிகிச்சை ஆகாது. ஒரு நாள் காலையில் நல்ல எடையுள்ள கோழிகள் திடீரென்று செத்துக் கிடந்து, அறுத்தால் அந்தத் துவாலைக் குடல் தெரிந்தால், அன்றே மருத்துவரை அழைத்து அவர் எழுதும் ஆன்டிபயாடிக்கை முழு அளவில், முழு நாட்களுக்குக் கொடுங்கள். முத்திரையைக் காப்பாற்றுவதற்காகக் கோழிகளைத் துடிக்க விடுவது தவறு. அந்தக் கூட்டம் ஆன்டிபயாடிக் இல்லாத கோழி என்ற பெயரில் போகக் கூடாது. மருந்து நிறுத்திய பின் காத்திருக்க வேண்டிய நாட்கள் முழுவதும் முடிந்த பிறகு சாதாரணக் கோழியாக விற்கலாம். அப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்பதையும் வாங்குபவரோடு எழுதும் அதே கடிதத்தில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.